கல்லைக் கண்டால் ஆளைக் காணோம்!

ரிடையர் ஆன முதல் மாதம் வீட்டில் எனக்கு ராஜ மரியாதை. இரண்டாவது மாதம் சாதா மரியாதை. மூன்றாவது மாதம், நானே போய் பேரம் பேசி, கத்தரிக்காயைக் கிலோவுக்கு ஐந்து ரூபாய் அதிகம் கொடுத்து, அதிலும் பாதி சொத்தையாக வாங்கி வந்த அன்று, என் இல்லத்தரசி வாசலிலேயே நிறுத்தித் தீர்ப்பு சொல்லிவிட்டாள்.

"ஏனுங்க, உங்களுக்கு உடனே ஒரு ஹாபி வேணுமுங்க. இல்லாட்டி எனக்கு ஒரு டாக்டர் வேணுமுங்க."

அவளுக்குப் பிறந்த ஊர் காங்கேயம் பக்கம். எவ்வளவு கோபம் வந்தாலும் 'ங்க' மட்டும் குறையாது. முப்பத்தைந்து வருஷமாகத் திருச்சித் தண்ணீர் குடித்தும் மாறவில்லை.

ஹாபி என்றால் எதை எடுப்பது? ஸ்டாம்ப் சேர்க்கலாமென்றால் நமக்கு யார் இப்போது கடிதம் போடுகிறார்கள்? தோட்டம் போடலாமென்றால் எங்கள் வீட்டில் மண் இருக்கிற ஒரே இடம் என் செருப்பின் அடிப்பாகம். வீணை கற்றுக்கொள்ளலாம் என்று லேசாகச் சொன்னபோது மாடியில் குடியிருப்பவர் முகம் போன போக்கைப் பார்த்து அந்த யோசனையைக் கைவிட்டேன்.

அந்தச் சமயம் பார்த்து அமெரிக்காவிலிருந்து வந்த எங்கள் மாப்பிள்ளை, பெட்டியைத் திறந்து ஓர் அட்டை டப்பாவை என் கையில் கொடுத்தார்.

"மாமா, உங்களுக்காகத்தான் வாங்கினேன். ராக் டம்ளர்!"

சமையலறையிலிருந்து எட்டிப் பார்த்த என் மனைவி, "எவர்சில்வருங்களா மாப்பிள்ளை?" என்றாள்.

டம்ளர்தான். ஆனால் காபி குடிக்கிற டம்ளர் இல்லை. ஒரு சின்ன ரப்பர் பீப்பாய், அதைப் படுக்க வைத்துச் சுழற்ற ஒரு மோட்டார். அவ்வளவுதான் மெஷின். பீப்பாயில் மூன்றில் இரண்டு பங்கு கல்லைப் போட்டு, தண்ணீர் விட்டு, சிலிக்கன் கார்பைடு என்கிற சாணைத் தூளைப் போட்டு மூடிச் சுழல விட வேண்டும். உள்ளே கல்லும் கல்லும் உரசி, மூலையெல்லாம் மழுங்கி உருண்டையாகும். ஆற்றில் கூழாங்கல் உருவாகிறதே, அதே சமாச்சாரம். ஆறு இதை அவசரமில்லாமல் செய்யும். இது நாலு வாரத்தில் செய்யும்.

"நாலு வாரமா? ராத்திரியுமா?" என்றாள் மனைவி.

"ராத்திரி பகல் நிறுத்தவே கூடாது அத்தை" என்றார் மாப்பிள்ளை. அவருக்கென்ன, மறுநாள் பிளேன் ஏறிவிட்டார்.

*

மெஷினை ஓடவிட்ட முதல் நாள் அது மொத்தம் பதினோரு விநாடி ஓடியது. பிறகு புகைந்தது. அமெரிக்காவில் கரன்ட் 120 வோல்ட். நம்மூரில் 230 வோல்ட். இந்த விஷயம் எட்டாம் வகுப்புப் பையனுக்குத் தெரிந்திருக்கிறது. முப்பத்தாறு வருஷம் பைல் தள்ளிய எனக்குத் தெரியவில்லை. மோட்டாரை மாற்றி, 230-ஐ 120 ஆக்க ஒரு டிரான்ஸ்பார்மரும் வாங்கிய செலவில் நிஜமாகவே ஒரு டஜன் எவர்சில்வர் டம்ளர் வாங்கியிருக்கலாம். இதை நான் சொல்லவில்லை, மனைவி சொன்னது.

கல்லுக்குப் பஞ்சமில்லை. மாமனார் ஊரில் தோட்டத்துக்குத் தோட்டம் வெள்ளைக் கல் கிடக்கும். 'வெங்கச்சாங்கல்' என்பார்கள். படித்தவர்கள் பாஷையில் குவார்ட்ஸ். ஒரு மஞ்சள் பை நிறையப் பொறுக்கி வந்தேன். பஸ்ஸில் பக்கத்து சீட்காரர் பையைத் தூக்கிப் பார்த்துவிட்டு, "என்ன சார், மாநாட்டுக்கா?" என்று சந்தேகமாக விசாரித்தார்.

மெஷின் 'கடகட'வென்று ஓட ஆரம்பித்தது. மூன்றாம் நாள் காலையில் மாடி வீட்டுக்காரர் இறங்கி வந்தார். "சார், தப்பா நினைக்காதீங்க. ராத்திரி பூரா கிரைண்டர் ஓடுதே, இட்லிக் கடை ஏதாவது வைக்கப் போறீங்களா?" என்றார். அவர் குரலில் கோபத்தைவிட ஆசைதான் அதிகம் தெரிந்தது. மெஷினை மொட்டை மாடிக்கு மாற்றினேன். அது இன்னும் தப்பு. இப்போது அவர் தலைக்கு மேலேயே ஓடியது. கடைசியில் கொல்லைப்புறத்துப் பழைய குளியலறையில் குடி வைத்தோம்.

இந்தத் தூளுக்கெல்லாம் நம்பர் உண்டு. முதல் வாரம் 80-ஆம் நம்பர். ரவை மாதிரி இருக்கும். அடுத்த வாரம் 220. அதற்கடுத்து 500, கிட்டத்தட்ட மைதா. நாலாவது வாரம் பாலிஷ் பவுடர். நம்பர் ஏற ஏறத் தூள் நைஸ். ஒவ்வொரு வாரமும் கல்லையும் பீப்பாயையும் ஒரு துகள் விடாமல் கழுவ வேண்டும். எனக்கு இரண்டாவது வாரமே பொறுமை போய்விட்டது. '500 எதற்கு, நேராகப் பாலிஷுக்கே போய்விடலாமே' என்று ஒரு படியைத் தாண்டினேன். கழுவுவதிலும் கொஞ்சம் கஞ்சத்தனம்.

திறந்து பார்த்தால்... கல் பளபளத்தது. கூடவே அதன் மேலிருந்த ஆயிரம் கீறல்களும் பளபளத்தன.

இதற்கு நடுவில் பீப்பாயிலிருந்த சேற்றைச் சமையலறை சிங்க்கில் கொட்டியிருந்தேன். கல் தூளும் சாணைத் தூளும் கலந்த அந்தச் சேறு குழாய் வளைவில் தங்கி சிமென்ட் மாதிரி இறுகிவிடும் என்று மெஷினோடு வந்த காகிதத்தில் கொட்டை எழுத்தில் போட்டிருக்கிறது. அதை பிளம்பர் போன பிறகுதான் படித்தேன்.

*

"யாராவது தெரிஞ்சவங்ககிட்ட போய்க் கத்துக்கக் கூடாதுங்களா? இதே ஊர்லதான் இருக்கறீங்க" என்றாள் மனைவி.

நியாயமான கேள்வி. திருச்சியில் இருந்துகொண்டு கல் பட்டை தீட்டக் காகிதத்தைப் பார்த்துக் கற்றுக்கொள்வது, திருப்பதியில் இருந்துகொண்டு லட்டுக்குத் தந்தி அடிப்பது மாதிரி. திருச்சியிலும் புதுக்கோட்டைப் பக்கத்துக் கிராமங்களிலும் ஒரு காலத்தில் வீட்டுக்கு வீடு செயற்கை வைரத்துக்குப் பட்டை தீட்டிக்கொண்டிருந்தார்கள். நம் வீட்டுப் பெண்கள் தோட்டில் போட்டு மினுக்கிய 'அமெரிக்கன் டைமண்ட்' பலவற்றுக்கு அமெரிக்காவோடு ஸ்நானப் பிராப்தி கிடையாது. பட்டை தீட்டியது நம்மூர்க்காரர்கள்தான்.

அப்படி ஒருவரை விசாரித்துக் கண்டுபிடித்தேன். எழுபது வயது. கண்ணாடி காதில் நிற்காமல் நூல் கட்டியிருந்தார். பன்னிரண்டு வயதில் சாணைக்கு முன்னால் உட்கார்ந்தவராம். கடுகைவிடக் கொஞ்சம் பெரிய கல்லில் 57 பட்டை போட்ட கை. வெளிநாட்டிலிருந்து மெஷினில் வெட்டின கல் மலிவாக வந்து குவிய ஆரம்பித்ததும் கூலி படுத்துவிட்டது. கூட வேலை பார்த்தவர்கள் ஆட்டோ ஓட்டவும் கட்டட வேலைக்கும் போய்விட்டார்கள். இவர் மட்டும் பழைய மோதிரக் கல்லுக்குப் பாலிஷ் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்.

என் கீறல் கல்லைக் கையில் வாங்கி, வெளிச்சத்தில் ஒரே ஒரு தரம் திருப்பினார்.

"ஒரு நம்பரைத் தாண்டிட்டீங்க சார்."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. ஆபீசில் என் பைலில் ஆடிட்டர்கள் கண்டுபிடிக்காத தப்பையெல்லாம் நான் அறிவேன். இவர் ஒரே பார்வையில் பிடித்துவிட்டார்.

"எப்படி அண்ணே தெரிஞ்சது?"

"பாலிஷ்னா என்னன்னு நினைக்கிறீங்க? பெரிய கீறலைச் சின்னக் கீறலால அழிக்கிறது. சின்னக் கீறலை அதைவிடச் சின்னதால அழிக்கிறது. கண்ணுக்குத் தெரியாத அளவுக்குச் சின்னதாப் போச்சுன்னா அதுக்குப் பேரு பளபளப்பு. நடுவுல ஒண்ணை விட்டீங்கன்னா, கரடுமுரடா இருக்கிறப்ப தெரியாது. எல்லாம் முடிஞ்சு பளபளன்னு வந்தப்புறம் அது மட்டும் பல்லைக் காட்டும்."

அன்றிலிருந்து வாரம் மூன்று நாள் அவர் திண்ணையில் நான் மாணவன்.

முதல் பாடம், கடினம். எது எதைக் கீறும் என்பது. மோஸ் என்ற ஜெர்மானியர் 1812-ல் இதற்கு ஒன்றிலிருந்து பத்து வரை ஒரு வரிசை போட்டார். டால்க் 1, வைரம் 10. நம் நகம் இரண்டரை. மார்பிள் 3. பேனாக்கத்தி ஐந்தரை. குவார்ட்ஸ் 7. என் சாணைத் தூள் ஒன்பதுக்கும் மேலே. பெரிய நம்பர் சின்ன நம்பரைக் கீறும். சின்னது பெரியதை ஒன்றும் செய்ய முடியாது. ஆபீஸ் மாதிரிதான். கெட்டியான கல்லையும் மெத்தென்ற கல்லையும் ஒரே பீப்பாயில் போட்டால் மெத்தென்றது கரைந்தே போகும். இதுவும் ஆபீஸ் மாதிரிதான்.

இரண்டாவது பாடம், பிடிமானம். சின்னக் கல்லை விரலால் பிடித்துத் தேய்த்தால் கல்லோடு நகமும் பாலிஷ் ஆகும். அதனால் அரக்கைச் சூடாக்கி, கல்லை ஒரு குச்சி முனையில் ஒட்டிக்கொள்ள வேண்டும்.

மூன்றாவது பாடம், தண்ணீர். இதைச் சொல்லும்போது மட்டும் பெரியவர் சிரிக்கவில்லை.

"சாணை காஞ்சு ஓடக் கூடாது சார். ஒரு நிமிஷம்கூடக் கூடாது. அந்த வெள்ளைத் தூசி நெஞ்சுக்குள்ள போனா திரும்பி வராது."

அவர் சொன்னது முழுக்க உண்மை. குவார்ட்ஸ், அகேட் கல்லின் நுண்தூசி நுரையீரலில் படிந்து சிலிகோசிஸ் என்ற வியாதியைக் கொண்டுவருகிறது. குஜராத்தில் காம்பே என்கிற கம்பாத் ஊரில் அகேட் கல் தேய்க்கும் ஏழைத் தொழிலாளிகள் பலரை இது தின்றிருக்கிறது. குணப்படுத்த மருந்து கிடையாது; வராமல் பார்த்துக்கொள்ளத்தான் முடியும். பொழுதுபோக்குக்குச் செய்கிற நமக்கு ஒரு வாளித் தண்ணீரும் ஒரு முகமூடியும் பெரிய விஷயமில்லை. வயிற்றுக்குச் செய்கிறவர்களுக்கு அதைக் கொடுக்க யாரும் இல்லாமல் போயிருக்கிறார்கள்.

நீங்களும் செய்து பார்க்க ஆசைப்பட்டால் அமெரிக்க மாப்பிள்ளை அவசியமில்லை. டைல்ஸ் கடையில் மிச்சம் கிடக்கிற மார்பிள் துண்டு ஒன்று கேளுங்கள். கார் பெயின்ட் அடிப்பவர்கள் உபயோகிக்கிற வாட்டர் பேப்பர் 220, 400, 600, 1000 என்று வாங்குங்கள். ஒரு தட்டில் தண்ணீர் வைத்து, நனைத்து நனைத்துத் தேயுங்கள். முந்தின கீறல் முழுக்கப் போன பிறகுதான் அடுத்த பேப்பர். ஒரு சாயங்காலத்தில் கல் வழவழவென்று ஆகிவிடும். சேற்றை மட்டும் சிங்க்கில் ஊற்றாதீர்கள்.

வித்தை கொஞ்சம் பிடிபட்டதும் எனக்கு மண்டையில் கனம் ஏறிவிட்டது. மனைவியிடம் சரித்திரம் பேச ஆரம்பித்தேன். "உங்க ஊர்ப் பக்கம் நொய்யல் கரையில கொடுமணல்னு ஒரு ஊர் இருக்கே, தெரியுமா? அங்கே 1985-லேருந்து தோண்டிப் பார்த்திருக்காங்க. ரெண்டாயிரம் வருஷத்துக்கு முன்னாடியே கல்மணி பண்ற பட்டறை இருந்திருக்கு. பெரில், குவார்ட்ஸ், அகேட்... பாதி வேலை பண்ணி விட்டதுகூடக் கிடைச்சிருக்கு. பதிற்றுப்பத்தில கொடுமணம்னு வர்றது இந்த ஊர்தான்னு சொல்றாங்க."

அவள் கீரை ஆய்ந்துகொண்டே கேட்டாள். "ரெண்டாயிரம் வருசமா எங்க ஊர்க்காரங்க கல்லு தேச்சாங்க. யாராச்சும் சிங்க்குல ஊத்தினாங்களாங்க?"

*

இனிமேல் சொல்லப் போவதை எழுதலாமா வேண்டாமா என்று ஒரு வாரம் யோசித்தேன். எழுதிவிடுகிறேன்.

என் மனைவியிடம் ஒரு மோதிரம் உண்டு. அவள் அம்மாவுடையது. அதிலிருப்பது சந்திரகாந்தக் கல். மூன்ஸ்டோன். காங்கேயம் வட்டாரத்தில் கிடைக்கிற கல்தான். நிலா வெளிச்சத்தில் அதிலிருந்து தண்ணீர் கசியும் என்று பழைய கதை. கசியாது. ஆனால் அசைத்தால் உள்ளே ஒரு வெள்ளை ஒளி நகரும். கல்லுக்குள் இரண்டு விதமான தாது மெல்லிய ஏடு ஏடாக அடுக்கியிருப்பதால், வெளிச்சம் அதில் பட்டுச் சிதறி வருகிற வேலை அது. அத்தையின் தோட்டத்தில் கிணறு வெட்டியபோது கிடைத்த கல்லாம்.

அத்தை போய் எட்டு வருஷம் ஆகிறது. மூத்தவள் என்று மோதிரம் இவளிடம் வந்தது. "அம்மா எனக்குத்தான் தர்றதாச் சொல்லியிருந்தாங்க" என்றாள் தங்கை. அவ்வளவுதான் பேச்சு. அதற்குப் பிறகு கல்யாணம் காட்சிகளில் பார்த்தால், "நல்லா இருக்கறீங்களா அக்கா?", "நல்லா இருக்கறேன் கண்ணு", அதோடு சரி.

அந்தக் கல் மங்கிப் போயிருந்தது. மூன்ஸ்டோனின் நம்பர் ஆறு, ஆறரை. வீட்டுத் தூசியிலேயே குவார்ட்ஸ் இருக்கிறது, அதன் நம்பர் 7. அம்பது வருஷம் முந்தானையால் துடைத்துத் துடைத்தே மேல் பளபளப்பு போய்விட்டது. கல்யாண நாளைக்கு அதைப் புதுசு மாதிரி ஆக்கி ஆச்சரியப்படுத்தலாமென்று நினைத்தேன். 'கேட்டுவிட்டுச் செய்' என்று எனக்குள் ஒரு குரல் சொன்னது. அது மனைவியின் குரல் மாதிரி இருந்ததால் வழக்கம்போல் கேட்கவில்லை.

மோதிரத்திலிருந்து கல்லைக் கழற்றினேன். அடுப்பில் அரக்கைக் காய்ச்சினேன். கல்லையும் சூடாக்கிக் குச்சியில் ஒட்டினேன். சீக்கிரம் இறுகட்டுமே என்று தண்ணீரில் அமிழ்த்தினேன்.

'டிக்' என்று ஒரு சத்தம். அவ்வளவு சின்ன சத்தம். கல் நடுவில் இரண்டாக நின்றது.

அவள் பார்த்தாள். திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை. இரண்டு துண்டையும் வாங்கி மஞ்சள் துணியில் முடிந்து பூஜை அலமாரியில் வைத்தாள். ராத்திரி எப்போதும்போல் தோசை வார்த்துப் போட்டாள். "இன்னொண்ணு வெக்கட்டுங்களா?" என்று கேட்டாள். மூன்று நாள் அதைத் தவிர வேறு பேச்சில்லை. டம்ளரை நான் நிறுத்திவிட்டேன். கொல்லைப்புறம் நிசப்தமாக இருந்தது.

நாலாம் நாள் அவளிடம் கேட்டு, முடிச்சை வாங்கிக்கொண்டு பெரியவரிடம் போனேன். துணியைப் பிரித்துப் பார்த்தவர் ரொம்ப நேரம் ஒன்றும் சொல்லவில்லை.

"இந்தக் கல்லுக்கு ரெண்டு பக்கமா நேர் வாட்டம் இருக்கு சார், விறகுக்கு நார் ஓடுற மாதிரி. சூடு ஆகாது. சூட்டுலேருந்து குளிர்ச்சிக்கு டக்குனு போகவே ஆகாது. என்னை ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே?"

"நீங்களே ஏதாவது பண்ணிக் குடுங்க அண்ணே. கூலி என்னவோ..."

"நான் தொட மாட்டேன். உடைச்சது நீங்க, நீங்கதான் தேய்க்கணும். பக்கத்துல உட்கார்ந்துக்கறேன்."

பதினோரு நாள். இந்தத் தடவை அரக்கு இல்லை. சூடு வேண்டாத பசை. துண்டைக் குச்சியில் ஒட்டுவதற்கு முன்னால் விளக்குக்குக் கீழே திருப்பித் திருப்பி, ஒளி எந்தப் பக்கம் மேலே வருகிறது என்று பார்க்கவே ஒரு நாள் ஆனது. உள்ளே இருக்கிற அடுக்கு கல்லின் அடிப்பாகத்துக்கு இணையாக இருந்தால்தான் ஒளி நடுவில் நிற்கும். இல்லாவிட்டால் ஓரத்தில் ஒளிந்துகொள்ளும். பிறகு 220. பிறகு 400. பிறகு 600. பிறகு 1000. ஒவ்வொரு நம்பர் முடிந்ததும் கையைக் கழுவி, குச்சியைக் கழுவி, துணியை மாற்றிப் பெரியவரிடம் காட்டுவேன். மூன்று தடவை "இன்னும் இருக்கு" என்று திருப்பிக் கொடுத்தார். எனக்கு ஒன்றும் தெரியவில்லை. அவருக்கு அந்த நூல் கட்டின கண்ணாடியில் தெரிந்தது. கடைசியில் தோல் மேல் சீரியம் ஆக்ஸைடு, மூக்குக்கண்ணாடிக்குப் போடுகிற அதே பாலிஷ்.

இரண்டு கல். பழையதில் பாதி அளவுகூட இல்லை. ஆனால் இரண்டிலும் அந்த வெள்ளை ஒளி நடுவில் வந்து நின்றது.

பெரியவர் கூலி வாங்கவில்லை. "எனக்கு அம்பது வருஷத்துல லட்சக்கணக்குல கல்லு இந்தக் கையில போயிருக்கு சார். ஒண்ணுகூட யார் போட்டுக்கிட்டாங்கன்னு தெரியாது. இது யார் கைக்குப் போவுதுன்னு தெரியும்ல, அது போதும்" என்றார்.

வீட்டுக்கு வந்து மேஜை மேல் வைத்தேன். "ஜோடியாக் கம்மல் பண்ணிடலாமா?" என்று தயங்கித் தயங்கிக் கேட்டேன். அவள் இரண்டையும் உள்ளங்கையில் வைத்து ஜன்னல் பக்கம் போய் அசைத்து அசைத்துப் பார்த்தாள்.

"ஒண்ணு அவளுக்குக் குடுத்துரலாமுங்க" என்றாள்.

அடுத்த வாரம் காங்கேயம் பஸ் பிடித்தோம். தங்கை கையில் வாங்கியவள், பேசவே இல்லை. அக்காவும் பேசவில்லை. நான் சுவரில் இருந்த காலண்டரை இரண்டு மாதம் முன்னும் பின்னும் படித்தேன். அப்புறம் உள்ளேயிருந்து இரண்டு பேர் குரலும் ஒரே சமயத்தில் கேட்க ஆரம்பித்து, சாயங்காலம் வரை நிற்கவில்லை. என் டம்ளர்கூட அவ்வளவு நேரம் நிற்காமல் ஓடியதில்லை.

கிளம்பும்போது கொழுந்தியாள் வாசல் வரை வந்தாள்.

"கல்லு நல்லா இருக்குதுங்க மாமா. ஆனா ஒண்ணுங்க... எங்க வூட்டுல வேற நகை எதையும் நீங்க தொட்டுறாதீங்க."

திருச்சிக்கு வந்தும் நான் மெஷின் பக்கம் போகவில்லை. ஒரு வாரம் போயிருக்கும். ராத்திரி படுத்துக்கொண்டிருக்கும்போது அவள் கேட்டாள்:

"ஏனுங்க, கொல்லையில சத்தத்தையே காணோமே? எனக்குத் தூக்கம் வர மாட்டேங்குதுங்க."

எழுந்து போய் ஸ்விட்சைப் போட்டுவிட்டு வந்தேன். மாடி வீட்டுக்காரர் விளக்கு எரிந்தது.